இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேர: பிரிவும் கமிஷனும் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

தேஜஸ் படையணி இருக்கும் சூலூர், சுகோய்-30 படையணி இருக்கும் தஞ்சாவூர், பறக்கும் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி இருக்கும் தாம்பரம், அதிகாரிகளுக்கான நிர்வாகக் கல்லூரி இருக்கும் கோயம்புத்தூர். இத்தனையும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆனாலும் "விமானப்படையில் அதிகாரியாகச் சேர என்ன செய்யணும்?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டால், அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் அக்னிவீர் வாயு ஆள்சேர்ப்பைப் பற்றியதாகத்தான் இருக்கிறது. அது வேறு வழி, இது வேறு வழி. அக்னிவீர் என்பது அதிகாரி நிலைக்குக் கீழே, நான்கு ஆண்டுப் பணி. அதிகாரி என்பது குடியரசுத் தலைவரின் பெயரால் கமிஷன் (அதிகாரியாக நியமிக்கும் ஆணை) பெற்று, ஃபிளையிங் ஆபீசர் என்ற பதவியில் தொடங்கும் பணி. சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியும் ராணுவத்துக்கானதுதான், விமானப்படைக்கானது அல்ல.

இந்தப் பணிக்குத் தயாராகிறவர்கள் தேர்வுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும், கட் ஆஃப் எவ்வளவு வரும் என்றுதான் அதிகம் யோசிக்கிறார்கள். என் பார்வையில் அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: எந்தப் பிரிவு, எந்த வகைக் கமிஷன். விண்ணப்பப் படிவத்தில் சில நொடிகளில் கடந்துவிடும் இடங்கள்தான் இவை. ஆனால் முப்பத்தைந்து வயதில் நீங்கள் எங்கே இருப்பீர்கள், கையில் ஓய்வூதியம் இருக்குமா என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

எந்த வாசல் உங்களுக்கு?

பிளஸ் டூ படிப்பவர்களுக்கு என்.டி.ஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு. யூ.பி.எஸ்.சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். கணிதத் தாளுக்கு 300, பொது அறிவுத் தாளுக்கு 600, நேர்முகத் தேர்வுக்கு 900 மதிப்பெண். புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு விமானப்படை அகாடமியில் ஏறக்குறைய ஓராண்டு. பட்டப்படிப்பும் அதிலேயே முடிந்துவிடும், பெற்றோருக்குக் கல்லூரிச் செலவே இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2021 உத்தரவுக்குப் பிறகு பெண்களும் எழுதலாம். என்.டி.ஏ-வில் படித்த முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் வெளியே வந்தது. உடுமலை அருகே அமராவதிநகரில் 1962-இல் தொடங்கப்பட்ட சைனிக் பள்ளி, பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார்படுத்தத்தான் இருக்கிறது. சைனிக் பள்ளியில் படிக்காதவர்களுக்கும் கதவு அதே அளவு திறந்தே இருக்கிறது.

பட்டம் முடித்த ஆண்களுக்கு சி.டி.எஸ் (கம்பைன்ட் டிஃபென்ஸ் சர்வீசஸ்) தேர்வு உண்டு. இதுவும் யூ.பி.எஸ்.சி நடத்துவதுதான். ஆங்கிலம், பொது அறிவு, கணிதம் என மூன்று தாள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். இதன் வழியாக ஃபிளையிங் பிரிவில் நிரந்தரக் கமிஷன் கிடைக்கும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

மூன்றாவது, நம் ஊரில் அதிகம் பேர் எழுதும் ஆஃப்கேட் (விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வு). விமானப்படையே நடத்துகிறது. ஆண், பெண் இருவரும் எழுதலாம். ஃபிளையிங் பிரிவுக்கு வயது 20 முதல் 24, கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வைத்திருந்தால் 26 வரை. தரைப் பணிப் பிரிவுகளுக்கு 20 முதல் 26. பட்டப்படிப்பில் பொதுவாக 60 சதவீதம் வேண்டும். ஃபிளையிங், தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அரியர் இருக்கக்கூடாது. இருபத்தைந்து வயது ஆகாதவர்கள் திருமணம் ஆகாதவர்களாக இருக்க வேண்டும். பயிற்சி முடியும் வரை யாருக்கும் திருமண அனுமதி இல்லை.

நான்காவது வாசலைப் பலர் கவனிப்பதே இல்லை. என்.சி.சி ஏர் விங்கில் சீனியர் டிவிஷன் 'சி' சான்றிதழ் வாங்கியவர்கள் எழுத்துத் தேர்வே இல்லாமல் ஃபிளையிங் பிரிவுக்கான நேர்முகத் தேர்வுக்கு நேராகப் போகலாம். கல்லூரி முதலாண்டில் இருக்கும் தம்பி தங்கைகள், உங்கள் கல்லூரியிலோ ஊரிலோ ஏர் விங் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். ஆர்மி விங் சான்றிதழுக்கு இந்த வழி திறக்காது.

பிரிவைத் தேர்ந்தெடுப்பது

ஃபிளையிங் பிரிவு என்பது போர் விமானம் மட்டுமல்ல. பயிற்சியின் போக்கில் போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் என்று பிரித்துவிடுவார்கள். உங்கள் விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் உங்கள் பறக்கும் திறனும் படையின் தேவையும்தான் முடிவு செய்யும். ஹெலிகாப்டர் கிடைத்ததே என்று மனம் உடைகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் முதலில் போய் இறங்குவதும், சியாச்சின் முகாம்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுசேர்ப்பதும் ஹெலிகாப்டர் விமானிகள்தான். அது எந்த வகையிலும் இரண்டாம் தரப் பணி ஆகாது.

தொழில்நுட்பப் பிரிவு பொறியியல் படித்தவர்களுக்கானது. எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் என இரண்டு கிளை. விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்பதற்குப் பொறுப்பேற்கிறவர்கள் இவர்கள். ரேடார், ஏவுகணை, தகவல் தொடர்பு எல்லாம் இவர்கள் கையில். கல்லூரி முடித்து ஓரிரு ஆண்டில், ஐம்பது அறுபது தொழில்நுட்ப வீரர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் பொறுப்பாக நிற்கும் வாய்ப்பு வெளியே அரிது.

தொழில்நுட்பம் சாராத பிரிவுகள்: நிர்வாகம், லாஜிஸ்டிக்ஸ், கணக்கு, கல்வி, வானிலை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாடும், போர் விமானங்களைத் தரையிலிருந்து வழிநடத்தும் ஃபைட்டர் கன்ட்ரோலர் பணியும் நிர்வாகப் பிரிவில்தான் வருகின்றன. 'நிர்வாகம்' என்ற பெயரைப் பார்த்து ஃபைல் புரட்டும் வேலை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பி.காம் படித்தவர்களுக்குக் கணக்குப் பிரிவு இயல்பாகப் பொருந்தும். கல்விப் பிரிவுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும்.

புதிதாக வந்தது வெப்பன் சிஸ்டம்ஸ் பிரிவு. 2022-இல் அறிவிக்கப்பட்டது. தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள், வான்பாதுகாப்பு ஏவுகணைகள், ஆளில்லா விமானங்கள், இரட்டை இருக்கை விமானங்களில் ஆயுதங்களை இயக்குவது ஆகிய நான்கும் இதில் அடங்கும். ஹைதராபாத் பேகம்பேட்டில் 2024-இல் இதற்கென்றே ஒரு பள்ளி திறந்தார்கள். வரும் ஆண்டுகளில் வளரப்போகும் பிரிவு இது என்பது என் கணிப்பு. விமானியாக முடியாவிட்டாலும் போர்க்களத்தோடு நேரடித் தொடர்பு வேண்டும் என்பவர்கள் இதை முதல் விருப்பமாகவே யோசிக்கலாம்.

கமிஷன் எந்த வகை?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நிரந்தரக் கமிஷன் என்றால் பதவிக்குரிய ஓய்வு வயது வரை பணி. 20 ஆண்டு முடித்தால் ஓய்வூதியத் தகுதி வந்துவிடும். 2004-க்குப் பிறகு மத்திய அரசு ஊழியர்களுக்கு வந்த புதிய ஓய்வூதியத் திட்டம் முப்படைகளுக்குப் பொருந்தாது. கடைசிச் சம்பளத்தில் பாதி என்ற பழைய முறைதான் இங்கே இன்றும் நடைமுறை.

ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்றால் ஃபிளையிங் பிரிவில் 14 ஆண்டு, அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. தரைப் பணிப் பிரிவுகளில் 10 ஆண்டு, தேவையையும் தகுதியையும் பார்த்து மேலும் 4 ஆண்டு நீட்டிக்கலாம். பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. 22 வயதில் சேர்ந்தவர் முப்பதுகளின் நடுவில் வெளியே வந்து இரண்டாவது வேலையைத் தொடங்குவார். ஆஃப்கேட் வழியாக ஃபிளையிங் பிரிவுக்குப் போகிறவர்களுக்குக் கிடைப்பது இந்த ஷார்ட் சர்வீஸ்தான். அதனால்தான் சி.டி.எஸ்-ஐ அழுத்திச் சொன்னேன். இரண்டுக்கும் தகுதி உள்ள ஆண்கள் இரண்டையும் எழுதுவது நல்லது.

ஷார்ட் சர்வீஸ் மோசம் என்று சொல்ல வரவில்லை. இளமையின் சிறந்த ஆண்டுகளைச் சீருடையில் கழித்துவிட்டு வேறு துறைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் "அரசு வேலை, பென்ஷன் வரும்" என்று நம்பிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாவிடமும் சேரும் முன்பே இதைப் பேசிவிடுங்கள்.

எழுத்துத் தேர்வு

ஆஃப்கேட் இரண்டு மணி நேரக் கணினித் தேர்வு. 100 கேள்வி, 300 மதிப்பெண். சரியான விடைக்கு 3, தவறுக்கு 1 குறையும். பொது அறிவு, ஆங்கிலம், எண்கணிதம், பகுத்தறிவுத் திறன். பாடம் கடினமில்லை, நேரம்தான் நெருக்கும். வழக்கமாக ஜூன், டிசம்பர் மாதங்களில் விண்ணப்பம் திறக்கும். தேர்வு ஆங்கிலத்தில். இந்தி தெரியாதே என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். எழுத்துத் தேர்வுக்கும் சரி, நேர்முகத் தேர்வுக்கும் சரி, ஆங்கிலம் போதும். பணியில் சேர்ந்த பிறகு வீரர்களோடு பேச இந்தி தேவைப்படும், அது பழகப் பழக வந்துவிடும்.

ஐந்து நாள் நேர்முகத் தேர்வு

உண்மையான சல்லடை இதுதான். விமானப்படைத் தேர்வு வாரியங்கள் டேராடூன், மைசூரு, காந்திநகர், வாரணாசி போன்ற இடங்களில் இருக்கின்றன. நமக்குப் பக்கம் மைசூரு. முதல் நாள் ஒரு நுண்ணறிவுத் தேர்வும், மங்கலான படம் ஒன்றைப் பார்த்துக் கதை எழுதிக் குழுவில் பேசுவதும் இருக்கும். அன்றே பெரும் பகுதியினரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு உளவியல் தேர்வு, வெளி மைதானத்தில் குழுப் பணிகள், தனி நேர்காணல் என்று நாட்கள் போகும்.

இதற்குக் கோச்சிங் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நடைமுறை என்ன என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பயன் உண்டு. மனப்பாடப் பதில்களை வாங்கிக்கொண்டு போவதில் பயனில்லை. உளவியலாளர், குழுப் பணி அலுவலர், நேர்காணல் அதிகாரி என மூன்று பேர் உங்களைத் தனித்தனியாக எடைபோட்டு, கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எழுதியது ஒன்று, மைதானத்தில் நடந்துகொண்டது வேறு, பேசியது இன்னொன்று என்றால் அங்கே வெளிப்பட்டுவிடும். உங்கள் ஊரைப் பற்றி, அப்பாவின் தொழிலைப் பற்றி, நீங்கள் படித்த பாடத்தைப் பற்றித் தெளிவாகப் பேசத் தெரிவதுதான் பெரிய தயாரிப்பு. குழுவில் பேச்சே எழவில்லை என்றால் அது ஒரு குறை. எல்லாரையும் அடக்கிப் பேசுவதும் அதே அளவு குறை. நான்கு நண்பர்களைச் சேர்த்து, நாளிதழ்ச் செய்தி ஒன்றை எடுத்து, தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் விவாதியுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

ஃபிளையிங் பிரிவுக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: கணினி வழி விமானித் தெரிவுத் தேர்வு. கண், கை, கால், கவனம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒத்துழைக்கிறதா என்று பார்ப்பார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இதை எழுதலாம். தோற்றால் எந்த வாசல் வழியாகவும் மறுபடி ஃபிளையிங் பிரிவுக்கு வர முடியாது. பதினேழு வயதில் என்.டி.ஏ வழியாகப் போகிறவர்களுக்கும் இதே விதிதான். எனவே காய்ச்சலோடு, தூக்கமில்லாமல் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். விளக்கம் சொல்லும்போது முழுக் கவனத்தோடு கேளுங்கள், புரியாவிட்டால் கேட்கத் தயங்காதீர்கள்.

மருத்துவம்

நேர்முகத் தேர்வில் பரிந்துரை கிடைத்தவர்களை டெல்லியிலோ பெங்களூரிலோ உள்ள விமானப்படை மருத்துவ நிறுவனங்களில் பல நாள் சோதிப்பார்கள். ஃபிளையிங் பிரிவுக்குக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. கால் நீளம், தொடை நீளம், உட்கார்ந்த உயரம் எல்லாம் அளப்பார்கள், ஏனென்றால் விமானி அறையில் உடல் பொருந்த வேண்டும். கிட்டப்பார்வை இருந்தால் விமானியாவது கடினம், தரைப் பணிப் பிரிவுகளில் தளர்வு உண்டு. ஒரு வேலை செய்யுங்கள்: தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன்பே கண் மருத்துவரிடம் போய்ப் பார்வையும் நிறப்பார்வையும் சோதித்துக்கொள்ளுங்கள். நிறக்குருடு இருப்பது பலருக்கு அதுவரை தெரியாது. இரண்டு ஆண்டு உழைத்த பிறகு அங்கே போய்த் தெரிந்துகொள்வது பெரிய வலி. பச்சை குத்திக்கொள்ள ஆசைப்பட்டால் தள்ளிப்போடுங்கள், அதற்கும் கட்டுப்பாடு உண்டு. தகுதியில்லை என்று சொன்னால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு நாள் கெடு இருக்கிறது, எழுதிக் கொடுக்கும் தாளை அங்கேயே வாசித்துவிடுங்கள்.

பயிற்சியும் சம்பளமும்

எல்லாரும் ஹைதராபாத் அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமிக்குப் போவார்கள். விமானிகள் அங்கே பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் தொடங்குவார்கள், பிறகு போர் விமானத்துக்கு பீதர், ஹெலிகாப்டருக்கு ஹக்கிம்பேட், போக்குவரத்துக்கு எலகங்கா என்று பிரிவார்கள். பொறியாளர்களுக்கு பெங்களூர் ஜாலஹள்ளி தொழில்நுட்பக் கல்லூரி. அகாடமியில் ஓராண்டுக்கு மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை உண்டு.

கமிஷன் பெற்றதும் ஏழாவது ஊதியக் குழு அளவில் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், ராணுவப் பணி ஊதியம் 15,500. இரண்டும் சேர்ந்த 71,600-இன் மீது அகவிலைப்படி கணக்கிடப்படும். விமானிகளுக்கு மாதம் 25,000 ரூபாய் பறத்தல் படி என்று அந்தக் குழு நிர்ணயித்தது, அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது அதுவும் கால் பங்கு கூடியது. எட்டாவது ஊதியக் குழு அமைக்கப்பட்டுவிட்டதால் இந்த அடிப்படை எண்கள் மாறும்.

எண்களைவிட முக்கியம், செலவாகாமல் போகும் பணம். குடியிருப்பு, குடும்பத்துக்கும் வருமான வரம்புக்கு உட்பட்ட பெற்றோருக்கும் மருத்துவம், கேன்டீன், பல தளங்களில் கேந்திரிய வித்யாலயா, குழுக் காப்பீடு. ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 20 நாள் தற்செயல் விடுப்பு. பணி அனுமதித்தால்தான் கிடைக்கும். விலையும் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாறும். பிள்ளைகளின் பள்ளி மாறும், மனைவியோ கணவரோ வேலையில் இருந்தால் அவர்கள் வேலை சிக்கலாகும். திருமணம் பேசும்போது இதை மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மேலே போவது

இரண்டு ஆண்டில் ஃபிளைட் லெஃப்டினன்ட், ஆறு ஆண்டில் ஸ்குவாட்ரன் லீடர், பதின்மூன்றில் விங் கமாண்டர். இவை குறிப்பிட்ட தேர்வுகளை முடித்திருந்தால் கால அடிப்படையில் வருபவை. குரூப் கேப்டனிலிருந்து தெரிவு முறை, அங்கே கூம்பு குறுகும். நடுவில் நீலகிரி வெலிங்டனில் உள்ள பணியாளர் கல்லூரிக்குத் தேர்வாகிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டமும் கிடைக்கும். விமானிகளில் சிலர் பெங்களூரில் சோதனை விமானி பயிற்சிக்குப் போவார்கள். 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன சுபான்ஷு சுக்லாவும், ககன்யானுக்குத் தேர்வான சென்னைக்காரர் அஜித் கிருஷ்ணனும் இந்த வழியில் வந்த விமானப்படை அதிகாரிகள்தான். 2016-இல் முதல் மூன்று பெண் போர் விமானிகள் கமிஷன் பெற்றார்கள். சோதனை முயற்சியாக இருந்த அந்தத் திட்டம் 2022-இல் நிரந்தரமானது.

வெளியே வந்த பிறகு

விமானிகளுக்குத் தனியார் விமான நிறுவனங்கள் முதல் விருப்பம். படையில் பறந்த மணிநேரங்கள் கணக்கில் வரும், ஆனால் லைசென்ஸ் தானாக வராது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளை எழுத வேண்டும். பணியின் கடைசி ஆண்டுகளில் அதை முடித்து வைத்தவர்களுக்கு இடைவெளி விழுவதில்லை. போக்குவரத்து விமானிகளுக்கு மணிநேரம் நிறைய சேரும், போர் விமானிகளுக்கு ஒவ்வொரு பறத்தலும் குறுகியது என்பதால் குறைவாகவே சேரும். பொறியாளர்களுக்கு விமானப் பராமரிப்பு, பாதுகாப்புத் தளவாட உற்பத்தி, லாஜிஸ்டிக்ஸ் ஆட்களுக்கு விநியோக நிர்வாகம் என்று வழிகள் உண்டு. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் மேலாண்மைக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து படிப்புகள் நடத்துகிறது. ஐந்து ஆண்டுப் பணி முடித்த ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகளுக்கு சிவில் சர்வீசஸ் தேர்வில் ஐந்து ஆண்டு வரை வயதுத் தளர்வும் உண்டு.

விண்ணப்பிக்கும் முன்

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு, ஆதாரில் அப்பா பெயரை விரித்து, பட்டச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் என்று மூன்று விதமாக இருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். ஆதாரை அதற்கு ஏற்ப இப்போதே திருத்திக்கொள்ளுங்கள், நேர்முகத் தேர்வு அழைப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு அலைய நேரம் இருக்காது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் இயற்பியல், கணித சதவீதம் தனித்தனியே 50-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி ஆண்டில் இருப்பவர்கள் அரியர் இல்லை என்பதற்குக் கல்லூரி முதல்வரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, அசல் சான்றிதழ்களோடு ஒரே ஃபைலில் வையுங்கள்.